சைபர் பாதுகாப்பு ஆய்வுக்கு வழிவிடுங்கள்!

சைபர் மோசடிகளில் இந்திய மக்கள் 2024ஆம் ஆண்டில் பறிகொடுத்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இதே காலத்தில்தான், ‘வேலையை விடாமலே சைபர் பாதுகாப்பு மேலாண்மையில் டாக்டர் பட்டம்’ என்கிற விளம்பரங்களும் நம் கைபேசிகளில் குவிகின்றன. இந்தத் துறையை ஆழமாகக் கற்றவர்கள் நாட்டுக்குத் தேவை. அந்தத் தேவையைக் காட்டிப் பட்டம் விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். இரண்டையும் பிரித்தறிவது எப்படி, உண்மையான ஆய்வுக்கு வழி செய்வது எப்படி என்பதைத் திருநெல்வேலியை முன்வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எந்தத் துறையையும்விட சைபர் பாதுகாப்பு மேலாண்மையில், பணியில் இருப்பவர்கள்தான் ஆய்வுக்கு வர வேண்டும். அவர்களுக்கான வழி, பகுதிநேர பிஎச்.டி. என்கிற பெயரில் விதிகளில் திறந்தே இருக்கிறது. ஆனால், அந்த வழியில் நடக்கவிடாத தடைகள் அலுவலகத்திலும் இருக்கின்றன, பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவைத்தால் உழைத்து ஆய்வு செய்ய நினைப்பவர் ஒதுங்கிக்கொள்வார். காசு கொடுத்துப் பட்டம் வாங்குபவர் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ சேர்த்துக்கொள்வார்.

பிரிண்டர் நின்றுபோன நாள்

2018 பிப்ரவரி 6. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ‘ஸ்விஃப்ட்’ அமைப்போடு இணைந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் மக்கர் செய்வது எந்த அலுவலகத்தில்தான் இல்லை? மறுநாள் கணக்குகளைச் சரிபார்த்தபோதுதான், வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் வங்கியின் பெயரில் போயிருப்பது தெரிந்தது. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன தொகை இடையிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஊடுருவியவர்கள் திட்டமிட்டே பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். பணம் போனதற்கான ஒப்புகைத் தாள் ஊழியர்கள் கையில் கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம்.

இந்த உத்தி புதிதல்ல. சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் களவுபோனபோதும் இதே போல ஸ்விஃப்ட் பிரிண்டர்தான் முடக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி அது.

மறுநாளே கண்டுபிடித்த வகையில் கும்பகோணம் வங்கியின் ஊழியர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கேள்வி வேறு. டாக்காவில் நடந்த ஒன்றின் பாடம் இங்கே பரிமாற்ற மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்வரை வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? ‘ஸ்விஃப்ட் பிரிண்டர் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் அன்றைய பரிமாற்றங்களைச் சரிபார்’ என்கிற ஒற்றை வரிக் கட்டளையை யார் எழுத வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும், அது நடைமுறையில் இருக்கிறதா என்று யார் பார்க்க வேண்டும்? சைபர் பாதுகாப்பு மேலாண்மை என்று சொல்லப்படுவது இதைத்தான். கணினி நிரலைவிட மனிதர்கள், பொறுப்புகள், பழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றிய படிப்பு அது.

கூடங்குளத்தின் எட்டு வாரம்

கூடங்குளம் நம் மாவட்டத்து ஊர். 2019 அக்டோபர் இறுதியில், அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. நிலையத்தின் தரப்பிலிருந்து அக்டோபர் 29 அன்று மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்றது அந்த அறிக்கை. மறுநாளே, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட கணினி ஒன்றில்தான் அது இருந்தது, உலையின் அமைப்புகளுக்குப் பாதிப்பு இல்லை என்று விளக்கமும் தந்தது.

கணினி அவசரகால நடவடிக்கைகளுக்கான தேசிய அமைப்பான ‘செர்ட்-இன்’ இதைக் கவனித்துத் தெரிவித்தது செப்டம்பர் 4ஆம் தேதி. மக்களுக்கு அதிகாரபூர்வமாகத் தெரிந்தது எட்டு வாரம் கழித்து. அதுவும் ஒரு மறுப்புக்குப் பிறகு.

உலை பாதிக்கப்படவில்லை என்பது பெரிய ஆறுதல். கட்டுப்பாட்டு அமைப்பைத் தனியே பிரித்து வைத்த ஏற்பாடு தன் வேலையைச் செய்தது. ஆனால், இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் குடியிருக்கும் மக்களுக்கு அந்த இரண்டு நாள் அறிக்கைகள் எப்படிப்பட்ட கலக்கத்தைத் தந்திருக்கும்? என்ன நடந்தது என்று கண்டறியும் குழு ஒரு பக்கம், ஊடகத்துக்குப் பதில் சொல்பவர் இன்னொரு பக்கம். இருவருக்கும் இடையே தகவல் போய்ச் சேர்வதற்கு ஒரு முறை இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இந்த இடத்தில் எப்படித் தடுமாறுகின்றன என்பது ஒரு முழு முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருள். அதை எழுதத் தகுதியானவர், அப்படிப்பட்ட ஒரு நெருக்கடியின்போது அலுவலகத்துக்குள் இருந்தவர்.

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல

சைபர் பாதுகாப்பு என்றால் பெங்களூரு, ஹைதராபாத் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. சைபர் குற்றவியல் என்கிற ஆய்வுத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவரான பேராசிரியர் கே.ஜெய்சங்கர், அந்தப் பணியைத் தொடங்கியது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் இருந்தபோதுதான். சைபர் குற்றவியலுக்கான சர்வதேச ஆய்விதழை 2007இல் அவர் தொடங்கினார். நேரில் ஒழுக்கமாக நடப்பவர்கள் இணையவெளிக்குள் போனதும் ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பதை விளக்கும் அவருடைய ‘வெளி மாற்றக் கோட்பாடு’ 2008இல் வெளியானது. இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்கள் அதை எடுத்து விவாதிக்கிறார்கள்.

வழக்கறிஞர் தேபாரதி ஹால்தர், சைபர் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை வழங்கும் மையத்தைத் திருநெல்வேலியிலிருந்து நடத்தினார். இணையத்தில் பெண்கள் எப்படிப் பாதிக்கப்படுகிறார்கள், சட்டம் அவர்களுக்கு எந்த அளவு துணை நிற்கிறது என்பது பற்றி அவரும் ஜெய்சங்கரும் சேர்ந்து எழுதிய நூல் 2011இல் வெளியானது.

தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து உலகத்துக்குப் பயன்படும் கோட்பாட்டை உருவாக்க முடியும் என்று ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. ஆனால், அந்தத் தொடக்கத்தின் மீது இந்த ஊர் போதுமான அளவு கட்டி எழுப்பவில்லை என்பதே என் வருத்தம்.

மேசை மேலேயே இருக்கும் ஆய்வுப்பொருள்

திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், அடகுக் கடைகள், ஸ்கேன் சென்டர்கள், மருந்துக் கடைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்று கணினி இருக்கிறது. பில் போடும் அந்தக் கணினியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல இடங்களில் பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டியிருக்கும். கடையின் பெயரும் 123ம் சேர்ந்தால் பாஸ்வேர்டு. காலையில் கடை திறப்பவர், மதியம் மாற்றிவிட வருபவர், கணக்கு எழுத வருபவர் என்று எல்லோரும் ஒரே பயனர் பெயரில்தான் நுழைவார்கள். ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் கைபேசியிலும் அதே பாஸ்வேர்டு இருக்கும்.

இதைப் பார்த்து ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தக் கடைக்காரர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்டால் நியாயமான பதில் இருக்கும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு மாறி மாறி நுழைய நேரமில்லை. மென்பொருள் விற்றவர் ஒரே உரிமத்தைத்தான் கொடுத்திருக்கிறார். அமெரிக்கப் பெருநிறுவனங்களுக்காக எழுதப்பட்ட பாதுகாப்புப் பாடப்புத்தகத்தில் இந்தக் கடைக்காரருக்குத் தீர்வு இல்லை. நான்கு பேர் வேலை பார்க்கும் இடத்தில், வியாபாரம் தடைபடாமல் பாதுகாப்பைக் கொண்டுவருவது எப்படி என்பதை இங்கிருந்து யாராவது ஆய்வு செய்து எழுதினால்தான் உண்டு.

இதே போல எத்தனையோ கேள்விகள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. பேரேட்டிலிருந்து திரைக்கு மாறும் அந்தச் சங்கங்களில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? தாமிரபரணியிலிருந்து நீரேற்றும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாறும்போது சாவி யார் கையில் இருக்கும்? போலி அதிகாரிகளால் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டப்படும் ஓய்வூதியர், பணம் அனுப்ப வங்கிக்கு வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் காசாளர் என்ன கேட்டால் அவரைத் தடுத்து நிறுத்தலாம்?

கடைசிக் கேள்விக்கு ஒரு கல்லூரி மாணவரால் வினாப்பட்டியல் அடித்துக் கொடுத்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் பத்து வருடம் உட்கார்ந்த ஒருவரால் முடியும்.

விதிகள் கேட்பது என்ன?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைகள் பகுதிநேர ஆய்வைத் தெளிவாக அனுமதிக்கின்றன. பணியாற்றும் நிறுவனம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) தர வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்கு நேரம் ஒதுக்கும் வகையில் இவருடைய பணி இருக்கிறது, தேவைப்பட்டால் பாடப் பயிற்சிக்காகப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று அதில் எழுதித் தர வேண்டும். பாடப் பயிற்சிக்குக் குறைந்தது 12 கிரெடிட். மொத்தக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. ஆண்டு கூடக் கூட வீட்டுப் பொறுப்பும் கூடும் நம் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி.

இன்னொன்றையும் அந்த விதிமுறைகள் திட்டவட்டமாகச் சொல்கின்றன. தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ பிஎச்.டி. கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டுச் சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விற்கும் இணையவழி பிஎச்.டி. செல்லாது என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன. ஆகவே, ‘வீட்டிலிருந்தே பதினெட்டு மாதத்தில் டாக்டர்’ என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

ஆய்வேடு எழுதித் தரப்படும்

இதைவிட ஆபத்தான ஒரு சந்தை நம் கண் முன்னே நடக்கிறது. கல்லூரிகள் இருக்கும் எந்த ஊரிலும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பலகைகளைப் பார்க்கலாம். பொறியியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுத்த பழக்கம், ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தருவது, ஆய்வேட்டையே எழுதித் தருவது என்று வளர்ந்துவிட்டது. நேரமில்லாத பணியாளர்கள்தான் இவர்களுக்கு முதல் வாடிக்கையாளர்கள்.

எந்தத் துறையிலும் இது மோசடிதான். சைபர் பாதுகாப்பில் இது இன்னும் பெரிய கேடு. தன் வங்கியின், தன் மருத்துவமனையின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய தரவுகளை ஒருவர் ஆய்வேடு எழுதித் தரச் சொல்லி முன்பின் தெரியாதவரிடம் பென் டிரைவில் கொடுக்கிறார் என்றால், அந்த நிறுவனத்தின் பூட்டு எங்கெங்கே பழுது என்கிற பட்டியலையே அவர் வெளியே கொடுத்துவிடுகிறார். தரவுக் கசிவு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சம்பள உயர்வுக்காகவோ வேலை மாறுவதற்காகவோ என்றால் பிஎச்.டி. வேண்டாம். அதற்கு சி.ஐ.எஸ்.ஏ., சி.ஐ.எஸ்.எஸ்.பி. போன்ற தொழில்முறைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. சில மாதப் படிப்பில் எழுதலாம், நிறுவனங்கள் மதிக்கின்றன. மனதைக் குடையும் ஒரு கேள்வியோடு ஐந்தாறு ஆண்டு மல்லுக்கட்டத் தயாராக இருப்பவர் மட்டும் ஆய்வுக்கு வரட்டும்.

கைடு கிடைப்பதில்லை

அப்படி வருபவர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் நெறியாளர். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். இந்த வரம்பு சரியானதுதான். சிக்கல் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. கணினி அறிவியல் துறைக்குப் போனால் ‘புதிய அல்காரிதம் எங்கே?’ என்பார்கள். மேலாண்மைத் துறைக்குப் போனால் முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்து வாங்கச் சொல்வார்கள். குற்றவியல் துறைக்குப் போனால் ‘நீங்கள் எம்.சி.ஏ. ஆயிற்றே’ என்பார்கள். மூன்றும் சேரும் இடத்தில்தான் சைபர் பாதுகாப்பு மேலாண்மை இருக்கிறது. அந்த இடத்தில் நாற்காலி போடப்படவில்லை.

அடுத்த சுவர், தரவு. எந்த நிறுவனமும் தன் பாதுகாப்புக் குறையை வெளியே சொல்ல விரும்பாது. ‘படிக்கப் போகிறேன்’ என்றால் சம்மதிக்கும் மேலாளர், ‘நம் நிறுவனத்தைப் பற்றித்தான் ஆய்வு’ என்றதும் கதவைச் சாத்திவிடுவார். அவருடைய அச்சமும் நியாயமானது. அதைப் போக்க ஒரு முறை தேவை.

ஆனால், இனி மறைத்து வைப்பதும் கட்டுப்படியாகாது. சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சனிக்கிழமை ராத்திரி டவுணில் ஒரு சிறிய மருத்துவமனையின் கணினிகள் முடங்கினால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் யார் யாரைக் கூப்பிடுவார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடும் ஊழியர் அந்த மருத்துவமனைக்குச் செய்வது உதவி.

உடனே செய்யக்கூடியவை

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கணினி அறிவியல், மேலாண்மை, குற்றவியல் துறைகளிலிருந்து தலா ஒருவரைச் சேர்த்து சைபர் பாதுகாப்பு மேலாண்மைக்கென ஓர் ஆய்வுக் குழுவை அமைக்கலாம். பிற துறைகளிலிருந்தும் பிற நிறுவனங்களிலிருந்தும் இணை நெறியாளர் வைத்துக்கொள்ள விதிகளில் ஏற்கெனவே இடமுண்டு. கல்விப் பட்டத்தைவிடத் தொழில் அனுபவத்தை மதித்துப் ‘பயிற்சிப் பேராசிரியர்’களை நியமிக்கவும் மானியக் குழு 2022இல் வழிகாட்டியிருக்கிறது, குறைந்தது 15 ஆண்டு அனுபவம் போதும். வங்கியிலோ தகவல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ பாதுகாப்புப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அப்படிக் கொண்டுவந்தால் ஆய்வாளர்களுக்கு அது பெரும் பலம்.

பாடப் பயிற்சி வகுப்புகளைச் சனி, ஞாயிறுகளில் நேரடியாக நடத்தலாம். மதுரை சாலையில் கங்கைகொண்டான் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்ப்பவரும், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோவில் வேலை பார்ப்பவரும் விடுப்பு எடுக்காமல் வந்து போக முடியும்.

தரவு பற்றிய அச்சத்துக்குத் தீர்வு, பல்கலைக்கழகமும் நிறுவனமும் ஆய்வாளரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு முத்தரப்பு ஒப்பந்தம். நிறுவனத்தின் பெயரும் அடையாளமும் ஆய்வேட்டில் வராது. மூலத் தரவு அலுவலகக் கணினியை விட்டு வெளியே போகாது. குறை சரிசெய்யப்படும்வரை குறிப்பிட்ட அத்தியாயங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்படாது. இதற்கான மாதிரிப் படிவத்தைத் தமிழ்நாடு அரசே தயாரித்துக் கொடுக்கலாம். 2020இலேயே சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. மாவட்டந்தோறும் உள்ள சைபர் குற்றக் காவல் நிலையங்களில் சேரும் புகார்களை, புகார் கொடுத்தவரின் அடையாளங்களை நீக்கிவிட்டு, பதிவு பெற்ற ஆய்வாளர்களுக்குத் தர ஒரு நடைமுறை வகுப்பதும் அரசின் கையில்தான் இருக்கிறது.

ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் பத்துப் பக்கத்துக்கு எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். ரத வீதிக் கடைக்காரரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் படித்து நடைமுறைப்படுத்தும்படி அது இருக்க வேண்டும்.

சேர விரும்புபவர்களுக்கு: பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மானியக் குழுவின் இணையதளத்தில் சரிபாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் நெறியாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள். அவரிடம் பிஎச்.டி. முடித்தவர்களின் ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இலவசமாகப் படிக்கலாம், இரண்டையாவது படியுங்கள். பணத்தைச் சைபர் மோசடியில் இழந்தவர் யாரையாவது தெரிந்தால், 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கிருந்துகூடக் கிடைக்கலாம்.

நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி, டவுணிலிருந்து தென்காசி சாலையில் அரை மணி நேரப் பயணம். அங்கே ஆய்வு செய்ய விரும்பும் ஊழியர் என்.ஓ.சி. கேட்டு வந்தால், கோப்பில் போட்டு வைக்காமல் அந்த வாரமே கையெழுத்திட்டுக் கொடுங்கள்.